ரிஜிஸ்டர் ஆச்சு, சரி. சாட்சி எங்கே?

போன மாதம் ஒரு அக்கா வந்தார். மதுரையை ஒட்டிய ஊர். அப்பா எழுதிவைத்த உயிலை லேமினேட் செய்து, மஞ்சள் பையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். "ரிஜிஸ்டர் பண்ணின உயில் வக்கீலம்மா. யாரும் ஒண்ணும் செய்ய முடியாதுல்ல?"

நான் நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போனேன். இரண்டு சாட்சிக் கையெழுத்துகள். ஒருவர் பத்திர எழுத்தரிடம் அந்தக் காலத்தில் வேலை பார்த்த பையன். இப்போது எந்த ஊரில் இருக்கிறாரோ தெரியாது. இன்னொருவர்? "ஆபீஸ் வாசல்ல நின்னுட்டிருந்தவர். அப்பா டீக்கு நூறு ரூபா கொடுத்தாங்க." அந்த நூறு ரூபாய்க்காரரைத்தான் இப்போது தேடிக்கொண்டிருக்கிறோம். அண்ணன் வழக்குப் போட்டுவிட்டார். கையெழுத்து அப்பாவுடையதே இல்லை என்கிறார்.

அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஆனால் மாற்றவே தேவையில்லை. இதே கதையோடு இந்த வருடம் வந்தவர்களில் இவர் நான்காவது ஆள்.

ரிஜிஸ்டர், ரிஜிஸ்டர் என்று உயிரை விடுகிறோமே, உயிலைப் பதிவு செய்வது கட்டாயமே இல்லை. 1908-ஆம் வருடத்துப் பதிவுச் சட்டத்தின் 18-வது பிரிவு அதை அவரவர் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. முத்திரைத்தாளும் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். இன்று பதிவு செய்த உயிலை, நாளைக்கு வீட்டு மேஜையில் ஒழுங்காக எழுதிய இன்னொரு உயில் ரத்து செய்துவிடும். பதிவு செய்யாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. செய்யுங்கள், நல்லதுதான். தொலைந்தால் நகல் கிடைக்கும், அந்தத் தேதியில் அந்த மனிதர் நேரில் வந்து ரேகை வைத்தார் என்று தெரியும். ஆனால் அது பூட்டு இல்லை.

ஏன் இல்லை என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், ஏனென்றால் படித்தவர்களே இதில்தான் தடுக்கி விழுகிறார்கள். தானப் பத்திரம் மாதிரி சாட்சிக் கையெழுத்து அவசியமான மற்ற ஆவணங்கள் பதிவாகியிருந்தால், எழுதிக்கொடுத்தவர் குறிப்பாக மறுக்காதவரை சாட்சியைக் கூண்டில் ஏற்ற வேண்டியதில்லை. அந்தச் சலுகையைக் கொடுக்கும் அதே வரியில் 'உயில் நீங்கலாக' என்று சட்டம் சொல்லிவிட்டது. பழைய சாட்சியச் சட்டத்தில் அது 68-வது பிரிவு. 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்தில் 67. எண் மாறியது, விஷயம் மாறவில்லை. சாட்சிகளில் ஒருவராவது உயிரோடு இருந்தால் அவர் நீதிமன்றத்துக்கு வந்தே தீரவேண்டும். உயிலில் எத்தனை சீல் இருந்தாலும் சரி.

வந்தால் மட்டும் போதாது. "பெரியவர் கையெழுத்துப் போட்டதைப் பார்த்தேன் (அல்லது, இது என் கையெழுத்துதான் என்று என்னிடம் சொன்னார்), அவர் முன்னால் நான் போட்டேன், இன்னொரு சாட்சியும் அப்படித்தான் போட்டார்" என்று சொல்ல வேண்டும். இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925, 63-வது பிரிவு கேட்பது இவ்வளவுதான். எளிதாகத் தெரிகிறது இல்லையா? கூலிக்குக் கையெழுத்துப் போட்டவரைக் குறுக்கு விசாரணையில் கேட்டுப்பாருங்கள். "பத்திரத்தை வெளியே கொண்டாந்தாங்க, கையெழுத்துப் போட்டேன், பெரியவரை நான் பார்க்கலை" என்பார். உண்மையைத்தான் சொல்கிறார் மனுஷன். அந்த ஒரு வாக்கியத்தோடு நம் கட்சிக்காரரின் முகம் வெளுத்துவிடும்.

இரண்டு சாட்சியும் இறந்துவிட்டாலோ, தேடியும் கிடைக்காவிட்டாலோ வழி இல்லாமல் இல்லை. உயில் எழுதியவரின் கையெழுத்தையும், சாட்சிகளில் ஒருவருடைய கையெழுத்தையும் நிரூபிக்கலாம். சரி, டீக்கடை ஓரம் நின்றவருடைய கையெழுத்து யாருக்குத் தெரியும்?

பத்திர எழுத்தரும் ஒரு சாட்சிதானே என்பார்கள். எழுதியவர் என்று போட்ட கையெழுத்து வேறு, சாட்சியாகப் போட்ட கையெழுத்து வேறு. சார்பதிவாளர் முன்னால் 'இவரை எனக்குத் தெரியும்' என்று அடையாளம் காட்டப் போடுவதும் அப்படித்தான். அது தானாக உயில் சாட்சி ஆகிவிடாது. வீடியோ எடுத்திருக்கிறோம் என்று பென்டிரைவ் கொண்டுவருகிறார்கள். கூடுதல் பலம், அவ்வளவுதான். அது சாட்சிக்கு மாற்று இல்லை.

வீடு கட்டும்போது கொத்தனாரைப் பத்துப் பேரிடம் விசாரிக்கிற நாம், அந்த வீட்டை எழுதிவைக்கும்போது மட்டும் ஏன் முன்பின் தெரியாத ஆளைப் பிடிக்கிறோம்? ரொம்ப நாளாக எனக்கு இது புரியவில்லை. ஒரு பெரியவர்தான் சொன்னார்: "தெரிஞ்சவங்களைக் கூப்பிட்டா யாருக்கு என்ன எழுதினேன்னு ஊரெல்லாம் சொல்லிடுவாங்கம்மா." இந்தப் பயம்தான் எல்லாவற்றுக்கும் மூலம். ஐயா, அம்மா, கேளுங்கள்: உயிலில் என்ன எழுதியிருக்கிறது என்று சாட்சிக்குத் தெரியவேண்டிய அவசியமே இல்லை. நீங்கள் கையெழுத்துப் போடுவதை அவர் பார்க்க வேண்டும், உங்கள் முன்னால் அவர் போட வேண்டும். மேலே ஒரு வெள்ளைத்தாளை வைத்து மூடிக்கொள்ளுங்கள், யார் வேண்டாம் என்றது?

சாட்சி உங்களைவிட வயதில் சின்னவராக இருக்கட்டும். எழுபது வயதுக்காரர் தன் எழுபத்தைந்து வயது நண்பரைக் கூட்டிவருவதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. ஊரில் நிலையாக இருப்பவர், பத்து வருடம் கழித்தும் தேடினால் கிடைப்பவர், கோர்ட் என்றால் ஓடாதவர். மருந்துக்கடைக்காரர், பக்கத்துத் தெரு டீச்சர், வழக்கமாகப் பார்க்கிற டாக்டர். டாக்டர் கிடைத்தால் விடாதீர்கள். ஆனால் 'நல்ல சுயநினைவோடு இருக்கிறார்' என்று சர்டிபிகேட் கொடுத்துவிட்டுப் போய்விடக்கூடாது, சாட்சியாகவும் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு சாட்சியும் ஒரே நேரத்தில் இருக்கவேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. நான் கேட்கிறேன், ஒரே நேரத்தில் உட்காரவையுங்கள். அவர்களுடைய முழு முகவரி, போன் நம்பர், அப்பா பெயர் எல்லாம் எழுதுங்கள்.

உயிலால் சொத்து பெறப்போகிற பிள்ளையைச் சாட்சி போடவைக்காதீர்கள். கிறிஸ்தவர்களுக்கு, சாட்சி போட்டவருக்கோ அவருடைய கணவன் மனைவிக்கோ எழுதிவைத்தது செல்லவே செல்லாது. இந்துக்களுக்கு அந்த விதி பொருந்தாதுதான், ஆனால் சந்தேகத்துக்கு நாமே சாப்பாடு போட்டு வளர்க்க வேண்டுமா? பலன் பெறுகிறவரே முன்னின்று எழுதவைத்த உயில் என்றால், அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கிற பொறுப்பும் அவர் தலையில்தான் என்று 1958-லேயே உச்ச நீதிமன்றம் வெங்கடாசல ஐயங்கார் வழக்கில் சொல்லிவிட்டது. பத்திர ஆபீஸுக்குக் காரில் கூட்டிப்போவது, ஃபீஸ் கட்டுவது, பக்கத்தில் நின்று 'இங்க போடுங்கப்பா' என்பது எல்லாம் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அல்வா. முஸ்லிம்களின் உயிலுக்கு விதிகள் வேறு, மூன்றில் ஒரு பங்குக் கணக்கெல்லாம் உண்டு; அதை இங்கே தொடவில்லை. நாமினி வேறு வாரிசு வேறு என்பதைத் தொட்டால் இன்றைக்கு முடிக்க மாட்டேன்.

புரொபேட் (உயில் செல்லும் என்று நீதிமன்றம் கொடுக்கிற சான்று) பற்றியும் இப்போது ஒரு புது வதந்தி. பழைய மெட்ராஸ் நகர எல்லைக்குள் எழுதிய உயிலுக்கும் அங்கே இருக்கிற வீடு, மனைக்கும் இந்துக்கள் உயர் நீதிமன்றத்தில் புரொபேட் வாங்கியாக வேண்டும் என்று இருந்தது. எங்கள் மதுரைப் பக்கம் அந்தக் கட்டாயம் இருந்ததே இல்லை. 2025 டிசம்பரில், அதைக் கட்டாயமாக்கிய வாரிசுரிமைச் சட்டத்தின் 213-வது பிரிவையே நீக்கிவிட்டார்கள். உடனே, 'இனிமேல் உயிலை நிரூபிக்கவே வேண்டாமாமே' என்று போன் மேல் போன். நீக்கியது புரொபேட் கட்டாயத்தை. அண்ணன் வழக்குப் போட்டால் சாட்சியை எப்போதும்போல நாம்தான் தேட வேண்டும்.

அப்புறம், தயவுசெய்து லேமினேட் செய்யாதீர்கள். அந்த அக்காவிடம் இதைச் சொன்னபோது, "அழிஞ்சிடக்கூடாதுன்னுதான் செஞ்சேன் வக்கீலம்மா" என்று அழுதுவிட்டார். கையெழுத்து நிபுணருக்குத் தாளும் மையும் நேராகப் பார்க்கக் கிடைக்க வேண்டும். அதன் மேல் பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டியிருக்கிறது. பத்திர எழுத்தரிடம் இருந்த அந்தப் பையன் திருப்பூரில் இருப்பதாக ஒரு தகவல் வந்திருக்கிறது. அடுத்த வாய்தாவுக்குள் ஒருவரை அனுப்பிப் பார்க்க வேண்டும்.