தாத்தா காலத்துச் சிலையையும் படத்தையும் விற்கலாமா? சட்டம் என்ன சொல்கிறது?

பாகப்பிரிவினை முடிந்து பழைய வீட்டைப் பூட்டப்போகும் நேரம் பார்த்துத்தான் பழைய சாமான் வியாபாரி வந்து நிற்பார். பரணில் கிடக்கும் பித்தளையை எடைக்குக் கேட்பார். பூஜையறையில் தஞ்சாவூர்ப் படம் கண்ணில் பட்டால், "இதெல்லாம் வெச்சிருந்தாலே கேஸுங்க, வந்த விலைக்குத் தள்ளிவிடுங்க" என்பார். நம்பாதீர்கள். பரம்பரையாக வந்த பொருளை வைத்திருப்பதும், இந்தியாவுக்குள் விற்பதும் பொதுவாகக் குற்றமல்ல. சில வகைகளுக்குப் பதிவு கட்டாயம், அவ்வளவுதான். அந்தப் பதிவுச் சான்று உங்கள் கையில் இல்லாததுதான் வியாபாரியின் பலம்.

1972-ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டம் 1976 ஏப்ரல் 5 முதல் நடப்பில் இருக்கிறது. 100 ஆண்டு கடந்த கலைப்பொருள், நாணயம், சிற்பம், ஓவியம் எல்லாம் இதன்படி தொல்பொருள். மதிப்புள்ள கையெழுத்துப் பிரதிக்கும் ஆவணத்துக்கும் 75 ஆண்டு போதும். ஆனால் தொல்பொருள் எல்லாவற்றையும் பதிய வேண்டியதில்லை. கல், சுடுமண், உலோகம், மரம், தந்தம், எலும்பு ஆகியவற்றில் செய்த சிற்பங்கள்; தாள், மரம், துணி, பட்டு, தோல் மீது தீட்டிய ஓவியங்கள்; படங்களுள்ள சுவடிகள் ஆகியவற்றுக்குத்தான் பதிவு. ஆக, ஐம்பொன் சிலையும் பலகையில் எழுதிய தஞ்சாவூர்ப் படமும் பதிவுக்குள் வரும். அண்டா, மங்குச் சாமான், பர்மா தேக்கு அலமாரி, காசுகள் வராது. பாவை விளக்கு மாதிரி உருவம் உள்ள பொருளென்றால் கேட்டுத் தெளிவது நல்லது.

இந்தியத் தொல்லியல் துறையின் பதிவு அலுவலரிடம் புகைப்படங்களுடன் விண்ணப்பிக்க வேண்டும். பொருள் கைக்கு வந்த 15 நாளுக்குள் என்பது சட்டம். பல குடும்பங்களில் அது எப்போதோ கடந்திருக்கும். அதற்காகப் பதுக்கி வைப்பதைவிட நாமாகப் போய் விண்ணப்பிப்பதே மேல். பொருள் எப்படி வந்தது என்று கேட்பார்கள். உயில், பாகப்பிரிவினைப் பத்திரம் இருந்தால் நல்லது. பாட்டி கல்யாணப் போட்டோவில் பின்சுவரில் அதே படம் மாட்டியிருந்தால் அதையும் இணையுங்கள். பதிவதால் பொருள் அரசுக்குப் போய்விடாது. அருங்காட்சியகத்துக்கென அரசு கட்டாயமாக எடுத்துக்கொள்ளச் சட்டத்தில் இடம் உண்டு. அப்படி எடுத்தாலும் இழப்பீடு தர வேண்டும்.

சிலை ஏதாவது கோயிலிலிருந்து வந்ததென்ற சந்தேகம் இருந்தால் விற்கும் பேச்சே வேண்டாம். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருடுபோன நடராஜரைப் போலி ஆவணங்களை நம்பி 2008-இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் வாங்கியது. 2014-இல் திருப்பித் தர நேர்ந்தது. இன்று விவரமறிந்தவர்கள் பொருளைப் பார்க்கும் முன்பே காகிதத்தைக் கேட்பது இதனால்தான்.

தொல்பொருள் விற்பதைத் தொழிலாகச் செய்பவருக்கு உரிமம் வேண்டும். வீட்டுப் பொருள் ஒன்றை விற்பது தொழில் ஆகாது. ஆனால் உங்களிடம் வாங்கும் வியாபாரியின் உரிமத்தைக் கேட்டுப் பாருங்கள். பதிவான பொருள் கைமாறினால் பதிவு அலுவலருக்குத் தெரிவிக்கும் பொறுப்பு விற்பவருடையது. வாரிசுகள் எல்லோரும் கையெழுத்திட்ட ஒப்புதலையும் முன்பே வாங்கிவிடுங்கள். ஒரு பங்காளி விடுபட்டாலும் பின்னால் வம்புதான்.

வெளிநாட்டுக்கு அனுப்பவே கூடாது. சிங்கப்பூரில் இருக்கும் அக்கா மகனுக்கு அன்பளிப்பு என்றாலும் ஏற்றுமதிதான். தண்டனை 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. லண்டன் ஏலத்தில் போன விலையைச் செய்தியில் பார்த்துவிட்டு அதே விலையை இங்கே எதிர்பார்ப்பதும் வீண். இந்தியாவுக்குள் வாங்குபவர்கள் மட்டுமே உங்கள் சந்தை. பதிவுள்ள தொல்பொருள்களை ஏலம் விடும் நிறுவனங்கள் இங்கேயும் உண்டு. அங்கே ஒரு மதிப்பீடு, உரிமமுள்ள இரு வியாபாரிகளிடம் தனித்தனியே ஒரு விலை என்று கேட்டால் உண்மை நிலவரம் பிடிபடும். அதற்கு முன், தயவுசெய்து சிலையைப் புளி போட்டு விளக்காதீர்கள். காலத்தால் படிந்த அந்தக் கருமைக்குத்தான் விலை. ஓவியத்தில் புதுச் சாயம் பூசுவதும் அப்படியே கெடுக்கும்.

தந்தம் தனிக் கதை. பரம்பரையாக வந்தால் 90 நாளுக்குள் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் தெரிவிக்க வேண்டும், விற்கவே முடியாது. அஸ்திவாரம் தோண்டும்போது கிடைத்த பொருள் மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினால், 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி ஆட்சியருக்குத் தகவல் தர வேண்டும். "உங்கள் பழைய ஐந்து ரூபாய் நோட்டுக்கு லட்சங்கள், முதலில் கமிஷன் கட்டுங்கள்" என்பது சுத்த மோசடி. ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்திருக்கிறது.

கடைசியாக வரி. வீட்டில் புழங்கிய அலமாரி, பாத்திரம் விற்றால் மூலதன ஆதாய வரி இல்லை. ஓவியம், சிற்பம், நகைக்கு உண்டு. நீண்டகால ஆதாயத்தில் 12.5 சதவீதம். 2001 ஏப்ரல் 1-க்கு முன்பே குடும்பத்தில் இருந்த பொருளென்றால் அன்றைய சந்தை மதிப்பையே அடக்க விலையாகக் காட்டலாம். அதற்குப் பதிவுபெற்ற மதிப்பீட்டாளரிடம் அறிக்கை வாங்க வேண்டும். பொருள் கைமாறுவதற்கு முன்பே வாங்கிவிடுங்கள். இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது.