கார் சுருங்கும், பெயின்ட் சுருங்காது

பதினொரு வருடமாக அலமாரியில் நின்ற பொம்மைக் கார் அது. 1:18 அளவு, அதாவது நிஜக் காரில் பதினெட்டில் ஒரு பங்கு, அடர்சிவப்பு நிறம். வாங்கிய புதிதில் கதவைத் தள்ளினால் 'டிக்' என்று மூடும். போன வருடம் தூசி துடைக்க எடுத்தபோது இடது கதவு திறக்கவில்லை. நகத்தால் மெல்ல நெம்பினேன். திறந்தது, அப்புறம் மூட மறுத்தது. இத்தனைக்கும் கீழே விழவில்லை, யாரும் கை வைக்கவும் இல்லை.

நண்பர் ஒருவரிடம் அதே மாடல், அதே நிறம் இருக்கிறது. அவரும் நானுமாக இரண்டையும் ஒரு கண்ணாடிப் பலகையில் வைத்து வெர்னியர் காலிப்பரால் அளந்தோம். மூன்று முறை அளந்தும் விடை மாறவில்லை. என் காரின் உடல் அவருடையதைவிட முக்கால் மில்லிமீட்டர் நீளம். கதவு போகவேண்டிய இடைவெளியை உடலே விழுங்கிவிட்டிருந்தது.

உலோகம் வளருமா என்று கேட்டால், இந்த உலோகம் வளரும். சேகரிப்பாளர்கள் இதை 'ஸிங்க் பெஸ்ட்' என்பார்கள். துத்தநாகத்துக்கு வரும் கொள்ளைநோய் என்று பொருள். பெயர் பயமுறுத்துகிறது, ஆனால் இது தொற்றுநோய் இல்லை. ஒரு காரிலிருந்து பக்கத்துக் காருக்குப் பரவாது. அலமாரியில் நாலைந்து கார்கள் ஒன்றாகக் கெட்டுப்போனால், அவை ஒரே உலையிலிருந்து வந்திருக்கலாம், அல்லது எல்லாம் ஒரே ஈரக்காற்றில் நின்றிருக்கலாம்.

இப்படி உருகிய உலோகத்தை அச்சில் அழுத்தி வார்க்கும் டைகாஸ்ட் கார் என்றால் இரும்பு என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது துத்தநாகக் கலவை. சுமார் 4 சதவீதம் அலுமினியம், துளியளவு மக்னீசியம், சில வகைகளில் கொஞ்சம் செம்பு, மீதி எல்லாம் துத்தநாகம். ஸமாக் என்று பெயர். துத்தநாகம், அலுமினியம், மக்னீசியம், செம்பு ஆகியவற்றின் ஜெர்மன் பெயர்களுடைய முதலெழுத்துகளைக் கோத்து வைத்தது. ஏறக்குறைய 385 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். அலுமினியத்துக்கு 660 டிகிரி வேண்டும். இந்தக் குறைந்த வெப்பத்தால் எஃகு அச்சு நெடுநாள் உழைக்கும், லட்சக்கணக்கில் வார்க்கலாம். பொம்மைத் தொழிலுக்கு இதைவிடத் தோதான உலோகம் கிடைப்பது கஷ்டம்.

சிக்கல் ஈயத்தில் இருக்கிறது. உருகிய நிலையில் துத்தநாகத்தோடு கலந்து நிற்கும் ஈயம், உலோகம் இறுகும்போது தனித்துவிடும். திட நிலையில் இரண்டுக்கும் ஒட்டுறவே கிடையாது. துத்தநாகம் சின்னச் சின்னப் படிகமணிகளாக உறையும்போது, ஒவ்வொரு மணியும் ஈயத்தை வெளியே தள்ளும். தள்ளப்பட்ட ஈயமெல்லாம் மணிகளுக்கு நடுவில் உள்ள எல்லைக்கோட்டில் போய்ச் சேரும். பிறகு காற்றின் ஈரம் உள்ளே நுழைந்தால் அந்தக் கோட்டில் குட்டிக் குட்டி மின்கலங்கள் உருவாகி, அரிப்பு அதே பாதையில் உள்நோக்கி ஓடும். அரிப்பில் உண்டாகும் பொருளுக்குப் பழைய உலோகத்தைவிட அதிக இடம் வேண்டும். சுவர் விரிசலில் நுழைந்த ஆலம் வேர் சுவரைப் பிளப்பது போல அது மணிகளை விலக்கித் தள்ளும். முதலில் கார் நீளும், அடுத்து அடித்தளம் வில்லாக வளையும், பெயின்ட்டில் மயிரிழைக் கோடுகள் தெரியும், கடைசியில் சுண்ணாம்புக் கட்டி போலக் கையிலேயே உதிரும்.

இதற்கு எவ்வளவு ஈயம் வேண்டும்? வார்ப்பில் 0.005 சதவீதத்துக்கு மேல் ஈயம் இருக்கக்கூடாது என்பது தர வரம்பு. நூறு கிலோ உலோகத்தில் ஐந்தே கிராம்! பழைய உலோகக் கழிவை உலையில் போடும்போது ஈயப் பற்றுவைத்த ஒரு துண்டு சேர்ந்துவிட்டால் போதும், கணக்குத் தப்பிவிடும். வெள்ளீயமும் காட்மியமும் இதே வேலையைச் செய்யக்கூடியவை.

1920களிலும் 1930களிலும் செய்த பொம்மை ரயில்கள், கார்புரேட்டர்கள், ரேடியோ பாகங்கள் பல இப்படித்தான் பொடிந்தன. லிவர்பூலில் ஃபிராங்க் ஹார்ன்பியின் மெக்கானோ நிறுவனம் 1934 முதல் டிங்கி டாய்ஸ் என்ற பெயரில் விற்ற கார்களிலும், இரண்டாம் உலகப் போருக்கு முந்தியவை விரிசல் இல்லாமல் கிடைப்பது அபூர்வம். மருந்து அதற்குள் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது என்பதுதான் வேடிக்கை. அமெரிக்காவின் நியூ ஜெர்சி ஸிங்க் நிறுவனம் 1929இலேயே ஸமாக் கலவைகளை உருவாக்கிவிட்டது. 99.99 சதவீதம் சுத்தமான துத்தநாகம், கூடவே அரிப்பை அடக்கச் சிறிது மக்னீசியம், அவ்வளவுதான் சூத்திரம். சூத்திரம் தெரிந்திருப்பது ஒன்று, ஒவ்வொரு உலையிலும் அதைக் காப்பாற்றுவது வேறொன்று. அதனால்தான் என் கார் வளர்ந்தது, நண்பருடையது வளரவில்லை. மாடல் ஒன்றானாலும் உருக்கிய உலோகம் ஒன்றாக இருந்திருக்காது.

வந்துவிட்டால் குணப்படுத்த வழி இல்லை. ஈரத்தைக் குறைத்தால் வேகம் குறையும், அவ்வளவே.

ஸிங்க் பெஸ்ட் வருடக்கணக்கில் ஒளிந்திருந்து வெளிப்படும் குறை. பெட்டியைத் திறந்த அன்றே கண்ணில் படுகிற குறைகளின் கதை வேறு. அவற்றைப் பார்த்ததும் 'தொழிற்சாலையில் தூங்கிவிட்டார்கள்' என்று திட்டுவது வழக்கம். சில சமயம் அது நியாயம்தான். ஆனால் பெரும்பாலான குறைகளுக்குக் காரணம் சோம்பல் இல்லை. காரைப் பதினெட்டில் ஒரு பங்காகவோ அறுபத்து நான்கில் ஒரு பங்காகவோ சுருக்கிவிடலாம். பெயின்ட், தூசி, காற்றுக் குமிழி எதுவும் நம் சொல் கேட்டுச் சுருங்காது.

பெயின்ட்டையே எடுத்துக்கொள்ளலாம். நிஜக் காரின் மேல் பிரைமர், நிறம், மேல்பூச்சு எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 100 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. அதை 1:64 அளவுக்குச் சுருக்கினால் ஒன்றரை மைக்ரான் சொச்சம் வரும். அவ்வளவு மெல்லிய பூச்சில் உலோகத்தின் நிறமே மறையாது. எனவே பொம்மைக் காரிலும் சில பத்து மைக்ரான் பூசித்தான் ஆகவேண்டும். 30 மைக்ரான் என்று வைத்துக்கொண்டு திரும்பப் பெருக்கிப் பாருங்கள். நிஜக் காரின் மேல் கிட்டத்தட்ட இரண்டு மில்லிமீட்டர் தடிமனுக்குப் பெயின்ட் அப்பியதற்குச் சமம். அச்சு செதுக்கியவர் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு செதுக்கிய எழுத்துகளும், கிரில் கம்பிகளும், கதவுக் கைப்பிடியின் விளிம்பும் அந்தப் பூச்சில் மூழ்கிவிடும்.

பூச்சு சீராகவும் நிற்காது. திரவம் தன் மேற்பரப்பைக் குறைத்துக்கொள்ளவே பார்க்கும். அதனால் கூர்மையான விளிம்புகளிலிருந்து விலகிப் பள்ளங்களில் போய்த் தேங்கும். ஒரு சிவப்புக் காரை விளக்கடியில் சாய்த்துப் பாருங்கள். பானெட்டின் மடிப்பில் உள்ளிருக்கும் சாம்பல் நிறம் லேசாக எட்டிப் பார்க்கும், கதவுக் கோடுகளில் சிவப்பு அடர்ந்து கிடக்கும். ஆரஞ்சுப் பழத்தோல் போன்ற மேடுபள்ளம் வருவதும் இதே பரப்பு இழுவிசைக் கதைதான். தெளித்த துளிகள் ஒன்றோடொன்று கலந்து சமப்படுவதற்குள் கரைப்பான் ஆவியாகிவிட்டால், அலை அப்படியே உறைந்துவிடும்.

மெட்டாலிக் நிறம் இன்னும் மோசம். மினுமினுப்புக்காகச் சேர்க்கும் அலுமினியச் செதில் 20 மைக்ரான் என்றால், 1:43 காரில் அது நிஜ அளவில் முக்கால் மில்லிமீட்டருக்கு மேல். கார் வெள்ளி நிறத்தில் ஜொலிக்காமல், ஜிகினா தூவியது போலத் தெரியும். நல்ல தயாரிப்பாளர்கள் இதற்கென்றே மிக நுண்ணிய செதில் வாங்குவார்கள். தூசியும் அப்படியே. 50 மைக்ரான் தூசி கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும். ஈரப் பெயின்ட்டில் அது விழுந்தால், 1:43 காரின் கூரையில் ஒரு கடுகை ஒட்டவைத்தது போல.

கதவு இடுக்குக்கும் இதே கணக்குப் போடலாம். நிஜக் காரில் கதவைச் சுற்றி சுமார் 4 மில்லிமீட்டர் இடைவெளி. 1:64இல் அது 0.06 மில்லிமீட்டர், ஒரு தலைமுடியின் தடிமன். இருபக்கமும் 30 மைக்ரான் பெயின்ட் ஏறினால் இடுக்கே அடைந்துபோகும். சின்னக் கார்களில் பெரும்பாலும் கதவு திறக்காமல் வெறும் கோடாக நிற்பது இதனால்தான். 1:18இல் 0.2 மில்லிமீட்டர் வேண்டும். வார்ப்பு ஆறும்போது சுருங்குவதையும், அச்சின் தேய்மானத்தையும், பெயின்ட்டையும் கணக்கில் எடுத்தால் நடைமுறையில் அரை மில்லிமீட்டர் விடவேண்டி வரும். நிஜ அளவில் அது 9 மில்லிமீட்டர், சுண்டுவிரல் நுனி நுழையும். கதவு திறக்கவும் வேண்டும், கோடு கச்சிதமாகவும் இருக்கவேண்டும் என்று நாம்தான் ஒரே நேரத்தில் இரண்டையும் கேட்கிறோம். என்னைக் கேட்டால் திறக்காத கதவே மேல். ஆனால் இதைச் சொன்னால் பாதிச் சேகரிப்பாளர்கள் என்னோடு பேசமாட்டார்கள்.

பெயின்ட்டில் கொப்புளம் தெரிந்தால் மட்டும் பூச்சைக் குறை சொல்லாமல் வார்ப்பைச் சந்தேகியுங்கள். உருகிய உலோகம் அச்சை நிரப்ப எடுத்துக்கொள்ளும் நேரம் ஒரு வினாடியில் ஐம்பதில் ஒரு பங்குகூட இல்லை. அந்த வேகத்தில் உள்ளிருக்கும் காற்று முழுவதும் தப்பிக்க முடியாது. கொஞ்சம் காற்று தோலுக்கு அடியில் குமிழியாகச் சிக்கிக்கொள்ளும். வார்த்தவுடன் வெளியே ஒன்றும் தெரியாது. பெயின்ட் அடித்து அடுப்பில் சுடும்போது காற்று விரிந்து, மெல்லிய உலோகத் தோலை மேலே தூக்கிவிடும். இரண்டு திசையிலிருந்து வரும் உலோகம் ஆறிப்போய்ச் சந்தித்தால் ஒட்டாமல் ஒரு சுருக்கக் கோடு விழும். அச்சின் இரு பாதிகள் சேரும் இடத்தில் ஒரு வரப்பு நிற்கும். அச்சு தேயத் தேய அந்த வரப்பு தடிக்கும். அதைத் தேய்த்து எடுக்க ஆள் வேண்டும், நேரம் வேண்டும். விலை மலிவான காரில் வரப்பு அப்படியே இருந்தால், குறைத்தது எந்தச் செலவு என்று புரிந்துகொள்ளலாம்.

விளக்கு, எழுத்து, கோடு எல்லாம் டம்போ அச்சில் வருபவை. தகட்டில் ஆழமில்லாமல் அரித்த படத்தில் மையை நிரப்பி, ஒரு சிலிக்கோன் மெத்தை அதை ஒற்றி எடுத்துக் காரின் வளைவில் பதிக்கும். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு தனி ஒற்று. பிடிப்பானில் கார் 0.3 மில்லிமீட்டர் நகர்ந்திருந்தால் 1:64இல் அது நிஜ அளவில் 2 சென்டிமீட்டர் பிசகு. கார் மாறுகண்ணோடு நம்மைப் பார்க்கும். ஒற்று மொத்தமாக விட்டுப்போனாலோ, இருபக்கமும் வேறுவேறு சக்கரம் மாட்டிவிட்டாலோ மட்டும் நிலைமை தலைகீழ். அதைத் 'தொழிற்சாலைப் பிழை' என்று சொல்லிக் கூடுதல் விலைக்கு வாங்க ஆள் இருக்கிறது. கோணலான விளக்குக்கு யாரும் ஒரு பைசா கூடக் கொடுப்பதில்லை.

டயர் இன்னொரு மெதுவான எதிரி. மென்மையான டயர் பலவும் பிவிசி. பிவிசி இயல்பில் விறைப்பானது, அதில் நெகிழ்வூட்டி எனப்படும் எண்ணெய் போன்ற பொருளைக் கலந்துதான் மென்மையாக்குகிறார்கள். அந்தப் பொருள் பிளாஸ்டிக்கோடு வேதியியலாகப் பிணையாமல் சும்மா உள்ளே தங்கியிருக்கிறது. வருடக்கணக்கில் மெல்லக் கசிந்து, தொட்டுக்கொண்டிருக்கும் பீடம் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்காக இருந்தால் அதைக் கரைக்கும். காட்சிப் பீடத்திலிருந்து காரைத் தூக்கினால் நாலு இடத்தில் டயர் தடம் உருகிப் பதிந்திருக்கும், சில சமயம் டயரே பீடத்தோடு நின்றுவிடும். அடியில் ஒரு சின்னக் கட்டை வைத்துச் சக்கரங்கள் பீடத்தைத் தொடாமல் காரைத் தூக்கி நிறுத்துவதே இதற்கு நல்ல வழி.

பெட்டி பிரிக்காமல் வைத்தால் பத்திரம் என்பதும் முழு உண்மை இல்லை. உள்ளே இருக்கும் பாலியூரித்தேன் நுரைமெத்தை ஈரத்தில் சிதைந்து பிசுபிசுத்து, பெயின்ட்டில் தடம் பதிக்கும். மூடிய பெட்டியில் ஈரமும் வெளியேற வழி இல்லாமல் தங்கும். ஓக் போன்ற மர அலமாரிகள் அசெட்டிக் அமில ஆவியை விடும், துத்தநாகத்துக்கு அது ஆகவே ஆகாது. பெட்டியோடு விற்றால் விலை அதிகம் என்பது தனிக் கணக்கு, கார் உயிரோடு இருப்பது தனிக் கணக்கு.

என் சிவப்புக் காரை, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு காற்றுப் புகாத ஒரு டப்பாவில் தனியாக வைத்தேன். ஆறு மாதம் கழித்து நண்பர் காலிப்பரோடு வந்தார். நீளம் மாறவில்லை. பானெட்டில் மட்டும், முன் விளக்குக்கு மேலே, ஒரு புது மயிரிழை ஓடியிருந்தது.