கலங்கரை விளக்கம்: அந்தக் ‘கரை’ எந்தக் கரை?

கலங்கரை விளக்கம் என்றதும் பலருக்கும் கடற்கரைதான் நினைவுக்கு வரும். கலங்களுக்காகக் கரையில் நிற்கும் விளக்கு, ஆகவே கலங்கரை விளக்கம். படிக்கும் காலத்தில் நானும் அப்படித்தான் பிரித்துப் பொருள் கொண்டிருந்தேன். பொருந்துவதுபோலத்தான் தெரிகிறது. ஆனால் இந்தச் சொல்லுக்குள் கடற்கரையே இல்லை. இங்குள்ள ‘கரை’ ஒரு வினை. கரைதல் என்றால் கூப்பிடுதல்.

காக்கை கரைகிறது என்கிறோமே, அதே கரைதல்தான். ‘காக்கை கரவா கரைந்துண்ணும்’ என்ற குறளில் (527) காக்கை தனக்குக் கிடைத்ததை மறைக்காமல் இனத்தைக் கூப்பிட்டு உண்கிறது. குறுந்தொகையில் (210) விருந்து வரப்போவதைக் கரைந்து சொல்கிறது. இன்றைய பேச்சில் இந்தப் பொருள் ஏறக்குறைய காக்கையோடு நின்றுவிட்டது. மற்ற இடங்களில் உப்பும் சர்க்கரையும்தான் கரைகின்றன. வினையின் பழைய பொருள் மங்கிப்போனதால், கடலுக்குப் பக்கத்தில் ‘கரை’ என்று கேட்டவுடன் மனம் மணற்பரப்புக்குப் போய்விடுகிறது.

ஆகவே கலம் + கரை + விளக்கம். கலத்தைக் கரைகின்ற விளக்கம். ‘கரை விளக்கம்’ வினைத்தொகை. ‘கலங்கரை’ என்பதில் ‘ஐ’ உருபு மறைந்திருக்கிறது. மகரம் ககரத்தின் முன் ஙகரமாகத் திரிந்திருக்கிறது. இலக்கணம் இவ்வளவுதான்.

இது பிற்காலத்தவர் வலிந்து கண்ட பொருளோ என்று ஐயப்படுகிறவர்கள் பெரும்பாணாற்றுப்படையைத் திறந்து பார்க்கலாம். கடியலூர் உருத்திரங்கண்ணனார் ஒரு துறைமுகத்தைக் காட்டுகிறார்:

‘வானம் ஊன்றிய மதலை போல
ஏணி சாத்திய ஏற்றருஞ் சென்னி
விண்பொர நிவந்த வேயா மாடத்து
இரவின் மாட்டிய இலங்குசுடர் ஞெகிழி
உரவுநீர் அழுவத்து ஓடுகலம் கரையும்
துறை’

வானத்துக்கு முட்டுக்கொடுத்த தூண்போல ஒரு மாடம். உச்சிக்கு எளிதில் ஏற முடியாது, ஏணி சாத்தியிருக்கிறது. மேலே கூரை வேயவில்லை. அங்கே இரவில் கொளுத்திய தீ, ஆழ்கடலில் ஓடும் கலங்களைக் கரைகிறது. ‘ஓடுகலம் கரையும்’ என்று வினையாகவே வந்துவிட்டதால் கடற்கரை என்று பொருள்கொள்ள இங்கே இடமே இல்லை. நான் திரும்பத் திரும்பப் படிக்கும் வரிகள் இவை. அந்த ஏணியைப் பாருங்கள். மாலைதோறும் யாரோ ஒருவர் அதில் ஏறித் தீ மூட்டியிருக்க வேண்டும்.

முழுச்சொல்லாக இது சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் வருகிறது: ‘இலங்குநீர் வரைப்பின் கலங்கரை விளக்கமும்’. புகாரின் கடற்கரையில் இரவில் எரிந்த விளக்குகளை இளங்கோவடிகள் வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறார். கம்மியர் விளக்கம், அப்பம் விற்கும் கூவியர் விளக்கம், மீன் விற்போர் விளக்கம், பரதவரின் மீன்படகான திமிலின் விளக்கம். நடுவில் கலங்கரை விளக்கமும் ஒன்று. அந்த வரிசை முழுவதும் விளக்கம் என்றால் விளக்குத்தான். பொருளைத் தெளிவாக்கிச் சொல்வதையும் நாம் விளக்கம் என்கிறோம். இரண்டுக்கும் வேர் விளங்குதல்.

பிற மொழிகள் வேறு வழியில் போயின. அலெக்சாந்திரியாவின் எதிரே ஃபாரோஸ் என்றொரு தீவு. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் இரண்டாம் தாலமி காலத்தில் அங்கே எழுந்த கோபுரம் பண்டைய ஏழு அதிசயங்களில் ஒன்று. நிலநடுக்கங்களில் அது இடிந்துவிட்டது, தீவின் பெயர் மட்டும் பிழைத்தது. பிரெஞ்சில் ‘ஃபார்’, ஸ்பானிய மொழியிலும் இத்தாலியிலும் ‘ஃபாரோ’. ஆங்கிலத்தின் ‘லைட்ஹவுஸ்’ வெளிச்சத்தோடு வீட்டைச் சேர்த்தது. இலங்கைத் தமிழில் வழங்கும் ‘வெளிச்சவீடு’ அதன் நேர் பெயர்ப்பு. எளிய, அழகிய சொல். அதைத் தவறென்று சொல்ல மாட்டேன். ஒன்று இடத்தைச் சொல்கிறது, ஒன்று கட்டடத்தைச் சொல்கிறது, தமிழின் பழஞ்சொல் மட்டும் அந்த விளக்கு செய்யும் வேலையைச் சொல்கிறது. எனக்கு இதுவே நெருக்கமானது.

ஒரு கேள்வி எழலாம். துறைமுக விளக்கு கலத்தை வா என்று கூப்பிடும். பாறைகள் நிறைந்த கரைகளில் நிற்கும் விளக்குகள் வராதே என்றுதானே சொல்கின்றன? அவற்றையும் கலங்கரை விளக்கம் எனலாமா?

இங்கிலாந்தின் தென்மேற்குக் கரைக்கு அப்பால் உள்ள எடிஸ்டோன் பாறையை எடுத்துக்கொள்வோம். 1698இல் ஹென்றி வின்ஸ்டன்லி அங்கே மரத்தால் ஒரு கோபுரம் எழுப்பி மெழுகுவத்திகளை ஏற்றினார். 1703 நவம்பரில் வீசிய பெரும்புயல் கோபுரத்தை இருந்த இடம் தெரியாமல் வாரிக்கொண்டு போனது. அன்றிரவு வின்ஸ்டன்லியும் அதற்குள் இருந்தார். அடுத்த கோபுரம் 1755இல் தீக்கிரையானது. பிறகு ஜான் ஸ்மீட்டன் ஓக் மரத்தின் அடிப்பகுதிபோல் கீழே அகன்று மேலே ஒடுங்கும் வடிவில், கல்லோடு கல்லைக் கொளுவிப் பூட்டி 1759இல் எழுப்பிய கோபுரம் நின்றது. நூறாண்டு கடந்தபின் அடியிலிருந்த பாறைதான் அரித்தது, கோபுரம் அசையவில்லை. அதன் மேற்பகுதியைப் பிரித்துக் கொண்டுபோய்ப் பிளிமத் நகரில் மறுபடி கட்டினார்கள். பாறையில் அடித்தண்டு இன்னும் நிற்கிறது, அதன் அருகே 1882இல் வந்த கோபுரம்.

ஸ்காட்லாந்தின் கிழக்கே பெல் ராக், அதாவது மணிப்பாறை. கடல் ஏறும்போது முழுக்க மூழ்கிவிடும் பாறை. ஒரு மடத்துத் தலைவர் அதில் எச்சரிக்கை மணி கட்டிவைத்தார் என்பது அந்தப் பெயருக்குச் சொல்லப்படும் கதை. 1811இல் அங்கே ராபர்ட் ஸ்டீவன்சன் கட்டிய கோபுரத்தில் விளக்கு எரிந்தது. செவ்வொளியும் வெள்ளொளியும் மாறி மாறி வரும். மூடுபனியில் ஒளி எட்டாது என்பதால் பொறியால் இயங்கும் மணிகளும் ஒலித்தன. 1859இல் கனடாவின் பார்ட்ரிட்ஜ் தீவில் நீராவியால் ஊதும் பனிச்சங்கு வந்தது. விளக்கு மெய்யாகவே வாய்விட்டுக் கரைந்த காலம் அது.

காக்கையும் இரை கண்டு மட்டும் கரைவதில்லை. பூனையோ பருந்தோ நெருங்கினால் கரைந்து இனத்தை உஷார்ப்படுத்தும். ஆகவே பாறைமேல் நிற்கும் விளக்குக்கும் இந்தச் சொல் முழுமையாகப் பொருந்துகிறது என்றே கொள்கிறேன். ஒவ்வொரு விளக்குக்கும் தனித் தாளம் இருப்பதும் இதனோடு சேர்கிறது. எத்தனை நொடிக்கு ஒருமுறை, எத்தனை மின்னல், என்ன நிறம் என்று கடல்வரைபடத்தில் குறித்திருப்பார்கள். மாலுமி நொடிகளை எண்ணிப் பார்த்து எந்த விளக்கு என்று கண்டுகொள்வார், குரலை வைத்து ஆளை அடையாளம் காண்பதுபோல.

1998இல் பிரிட்டனின் கடைசிக் கலங்கரை விளக்கமும் தானியங்கியானது. அதன்பின் அந்த ‘வீடுகளில்’ காவலர் எவரும் குடியில்லை.

எழுதும்போது கவனிக்க ஓரிரு செய்திகள். ‘கலங்கரை விளக்கு’ என்பதும் இன்று பரவலான வழக்கு, பிழையன்று. கோபுரத்தைக் கலங்கரை விளக்கம் என்றும், அதன் உச்சியில் எரிவதை விளக்கு என்றும் எழுதினால் குழப்பம் வராது. ‘கலங்கரை’ என்று மட்டும் வெட்டி எழுதுவதைத் தவிர்க்கலாம். கூப்பிடும் விளக்கு அதில் விடுபட்டுப் போகிறது. நங்கூரமிட்டு நிற்கும் விளக்குக் கப்பல்களையும் விளக்கு மிதவைகளையும் அந்தந்தப் பெயராலேயே சொல்லலாம்.