கொசுத்தேனீக் கூட்டைப் பிழிந்த பிறகு என்னை அழைக்காதீர்கள்

இந்த மாதத்தில் இது மூன்றாவது வீடு. நாகர்கோவிலுக்கு அருகில் பழைய ஓட்டுவீடு ஒன்றை இடித்துக்கொண்டிருந்த கொத்தனார், சுவருக்குள் இருந்த கொசுத்தேனீக் கூட்டை, கொட்டாத அந்தச் சின்னத் தேனீயின் கூட்டை, கடப்பாறையால் பிளந்திருக்கிறார். வீட்டார் அதை அப்படியே அள்ளி, துணியில் கட்டிப் பிழிந்து, கிடைத்த ஒரு டம்ளர் தேனைப் புட்டியில் ஊற்றி வைத்துவிட்டுத்தான் என்னைத் தொலைபேசியில் அழைத்தார்கள். "தேனை எடுத்துவிட்டோம், தேனீக்களை நீங்கள் வந்து பெட்டியில் பிடித்துக்கொள்ளுங்கள்" என்றார்கள். கூடு மாற்றித் தருவதே என் தொழில் என்றாலும், பிடித்துக்கொண்டு போவதற்கு அங்கே குடும்பம் என்று எதுவும் மிஞ்சியிருக்கவில்லை.

"சுவரைச் சுற்றி நூற்றுக்கணக்கில் பறக்கின்றனவே, வேறு கூடு கட்டிக்கொள்ளாதா?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். கட்டிக்கொள்ளாது. அடுக்குத் தேனீயையும் மலைத் தேனீயையும் பார்த்துப் பழகிய கண்தான் இந்தத் தவற்றுக்குக் காரணம். அவை தொந்தரவு பொறுக்காவிட்டால் ராணியோடு கூட்டமாகக் கிளம்பி வேறிடம் போய்விடும். கொசுத்தேனீயின் ராணிக்கு அந்த வழி இல்லை. இளம் ராணி இணைசேர்வதற்காகப் பறப்பாள். ஆனால் முட்டையிடத் தொடங்கியதும் அவளுடைய வயிறு பருத்து, உடலைத் தூக்கிச் செல்லச் சிறகுகளால் இயலாமல் போகிறது. அதன்பின் சாகும்வரை அவள் இருப்பது அந்தச் சுவருக்குள்தான். நீங்கள் துணியில் கட்டிப் பிழிந்ததில் அவளும் இருந்தாள்.

இந்த இனத்தில் குடும்பம் பிரிகிற முறையும் வேறு. அடுக்குத் தேனீயில் பழைய ராணி வெளியேறுகிறாள். இங்கே பழைய ராணி இருந்த இடத்திலேயே இருக்க, புது ராணிதான் போகிறாள். அதற்கு முன்பே வேலைக்காரத் தேனீக்கள் ஒரு பொந்தைத் தேர்ந்து, தாய்க்கூட்டிலிருந்து மெழுகையும் பிசினையும் தேனையும் பல நாட்கள், சில வேளை பல வாரங்கள், சிறிது சிறிதாகச் சுமந்து சென்று, குடித்தனம் நடத்தத் தேவையானவற்றைச் சேர்த்து வைத்துவிடுகின்றன. தாய்வீட்டுச் சீர் இல்லாமல் புதுக்கூடு அமைவதில்லை. தாய்க்கூடே சட்டியில் கிடக்கும்போது எதைச் சுமந்து செல்வது? உடைந்த சுவரருகே மறுநாளும் அதற்கு மறுநாளும் சுற்றுபவை, இரைதேடப் போயிருந்ததால் தப்பி, ராணியும் கூடும் இல்லாத இடத்துக்குத் திரும்பி வந்தவை. அவற்றின் ஆயுள் சில வாரங்கள். அதைப் பார்த்துத்தான் "பிழைத்துக்கொண்டன" என்கிறீர்கள்.

புழு அறைகளையாவது காப்பாற்றலாமே என்பார்கள். அடுக்குத் தேனீயின் புழுவுக்குத் தாதித் தேனீக்கள் வேளாவேளைக்கு ஊட்டுகின்றன. கொசுத்தேனீயோ ஒவ்வோர் அறையிலும் ஒரு புழு வளர்ந்து முடியத் தேவையான உணவு முழுவதையும் முதலிலேயே கூழாக நிரப்பி, அதன்மேல் ஒரு முட்டை இட்டு, அறையை மூடிவிடுகிறது. மூடிய அறை நசுங்கினால் கூழ் சிந்திவிடும். அந்தப் புழுவுக்கு மறுமுறை ஊட்ட ஒருவரும் இல்லை. கடுகைவிடச் சற்றே பெரிய அந்த அறைகளைத்தான் "மெழுகுக் கழிவு" என்று குப்பையில் கொட்டுகிறார்கள்.

தேனைச் சேர்த்து வைக்கும் சிறு மெழுகுக் குடுவைகள் உடைந்து ஒழுகும் கூட்டைக் கொண்டுபோய்ப் பெட்டியில் வைப்பதும் பயன் தராது. அந்த வாடைக்கு எறும்பும், கூட்டுக்குள் முட்டையிடும் சின்னஞ்சிறு ஈக்களும் வந்துவிடும். அவ்வீயின் புழுக்கள் சில நாட்களுக்குள் எல்லாவற்றையும் சேறாக்கிவிடும். தப்பிப் பிழைத்தது என்று நான் நம்பிய பெட்டிகள் சிலவற்றைத் திறந்து, அந்த நாற்றத்தோடு மூடியிருக்கிறேன்.

மருந்தடிப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் நீளமுள்ள இப்பூச்சிக்குக் கொட்டும் கொடுக்கு இல்லை. இருப்பது பயன்படாத எச்சம்தான். கூட்டைக் கலைத்தால் தலைமயிருக்குள்ளும் காதுக்குள்ளும் புகுந்து கடிக்கும், பிசினைப் பூசும். ஒரு துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டால் போதும். மின்மீட்டர்ப் பெட்டிக்குள் கூடு இருக்கிறது என்பதற்காக மண்ணெண்ணெய் ஊற்றியவரையும் பார்த்தேன். தேனீயைவிட அவரைப் பற்றித்தான் எனக்குப் பயமாக இருந்தது.

கூடு உங்களுக்கு இடைஞ்சல் தராவிட்டால் விட்டுவிடுங்கள்; உங்கள் தோட்டத்துத் தென்னைக்கும் கொத்தமல்லிக்கும் அவை வேலைசெய்துகொண்டிருக்கின்றன. சுவரை இடித்தே ஆகவேண்டும் என்றால், நாள் குறித்த அன்றே சொல்லுங்கள். சில மாதங்கள் அவகாசம் இருந்தால், பிசினால் கட்டிய கூட்டு வாசலில் ஒரு குழாயைப் பொருத்தி, அதைப் பெட்டிக்குள் விட்டு, பெட்டியின் மறுபக்கம் வழியாகவே தேனீக்கள் போய்வரும்படி செய்துவிடலாம். நாளடைவில் பெட்டிக்குள்ளேயே குடுவைகளும் புழு அறைகளும் கட்டி, புது ராணியையும் அமைத்துக்கொள்ளும். அவகாசம் இல்லையென்றால், நான் பக்கத்தில் இருக்கும்போது கொத்தனார் மெல்லப் பிளக்கட்டும். ராணியோடு புழு அறைக் கொத்தையும், உடையாத மகரந்தக்குடுவைகளையும் மட்டும் பெட்டிக்கு மாற்றி, பழைய வாசல் பிசினைப் புது வாசலைச் சுற்றி ஒட்டி, பெட்டியை அதே இடத்தில் இருட்டும்வரை வைத்திருந்தால், வெளியே போனவையும் வந்து சேர்ந்துவிடும். இடுக்குகளை ஒட்டுநாடாவால் அடைத்து, எறும்பு ஏறாதபடி பெட்டித் தாங்கியின் கால்களை நீர்க்கிண்ணங்களில் நிறுத்துங்கள். ஒழுகிய தேனை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்; எனக்கு வேண்டாம். அதில் நீர்ப்பதம் அதிகம், எளிதில் புளிக்கும், குளிர்பெட்டியில் வையுங்கள். மருந்துத்தேன் என்று சொல்லிக் கண்ணில் விடாதீர்கள். பிறந்த குழந்தைக்குச் சேனை வைப்பதற்கும் வேண்டவே வேண்டாம். ஒரு வயது நிறையாத குழந்தைக்கு எந்தத் தேனும் ஆகாது.

தேன் எடுத்தாயிற்று என்று அழைப்பவர்களிடம் இப்போதெல்லாம் புழு அறைக் கொத்து எங்கே என்று மட்டும் கேட்கிறேன். நசுங்காமல் இருக்கிறது என்றால், இருட்டுவதற்குள் வண்டியை எடுத்துவிடுவேன். நாகர்கோவில் வீட்டில் அது பிழிந்த துணியோடு கொல்லைக் குப்பையில் கிடந்தது. நான் போய்ச் சேர்வதற்குள் எறும்பு மொய்த்திருந்தது.