தொகையிடல் என்று ஒரு சொல் இருக்கும்போது ‘ஒருங்கிணைப்பு’ எதற்கு?

“திசைவேகத்தை ஒருங்கிணைத்தால் இடப்பெயர்ச்சி கிடைக்கும்” என்று மறுபடியும் ஒரு இயற்பியல் விளக்கத்தில் படித்தேன். எதை எதோடு ஒருங்கிணைப்பது? இன்டக்ரேஷனுக்குக் கணிதத்தில் தமிழ்ச் சொல் தொகையிடல். பாடநூல்களில் வெகுகாலமாகப் புழங்குகிற சொல்தான், புதிதாக ஒன்றைத் தேட வேண்டியதே இல்லை.

வேர் எளிது. தொகு என்றால் சேர், கூட்டு, அதிலிருந்து தொகை. ஆங்கிலச் சொல்லின் மூலம் லத்தீன், பொருள் முழுமை. கணிதவியலாளர் ஜேக்கப் பெர்னூலி 1690-இல் இந்தக் கணிதப் பொருளில் அதை அச்சில் கொண்டுவந்தார். ஆனால் நுண்கணிதத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான லைப்னிட்ஸ் 1675-இலேயே இதற்குக் குறி போட்டுவிட்டார். கூட்டுத்தொகைக்கான லத்தீன் சொல்லின் முதலெழுத்தான எஸ்ஸை நீட்டி எழுதியதுதான் அது. தொகை என்ற சொல்லும் அதையேதான் சொல்கிறது.

ஒருங்கிணைப்பு நல்ல சொல்தான், அதன் இடத்தில். தனித்தனியே இயங்கும் துறைகளையோ குழுக்களையோ ஒரே நோக்கில் சேர்ந்து இயங்க வைப்பது ஒருங்கிணைப்பு. அங்கே யாரும் எதையும் கூட்டிப் பார்ப்பதில்லை. அகராதியில் முதலில் கண்ணில் பட்ட பொருளை எடுத்து ஒட்டிவிடுவதால் வருகிற வினை இது, இயந்திர மொழிபெயர்ப்பு வந்த பிறகு இன்னும் பெருகிவிட்டது. போதாததற்கு, ஒரு புள்ளியின் இடத்தைச் சொல்லும் எண்களான ஆயத்தொலைவுகளையும் (கோஆர்டினேட்ஸ்) ‘ஒருங்கிணைப்புகள்’ என்றே எழுதுகிறார்கள், இரண்டும் ஒரே பக்கத்தில் வந்தால் படிக்கிற மாணவர் என்ன செய்வார்? அப்புறம், இதன் எதிர்ச்செயலான வகையிடலுக்கு (டிஃபரன்ஷியேஷன்) பக்கத்தில் தொகையிடலை வைத்துப் பாருங்கள், வகைதொகை என்று நாம் அன்றாடம் சொல்கிற ஜோடி தானாக அமைந்துவிடுகிறது. ஒருங்கிணைப்பு என்று எழுதினால் அந்த ஜோடி உடைந்துபோகிறது.

கணக்கிலேயே பார்க்கலாம். நேர்கோட்டில் ஒரு பொருள் நொடிக்கு 6 மீட்டரில் கிளம்புகிறது, ஒவ்வொரு நொடியும் அதன் திசைவேகம் 2 குறைகிறது. 3-ஆம் நொடியில் நின்று, திரும்பி வர ஆரம்பிக்கிறது. நேரத்தை மிகச் சிறு துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டையும் அப்போதைய திசைவேகத்தால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டுகிறோம். வரைபடத்தில் இது கோட்டுக்கும் நேர அச்சுக்கும் நடுவே உள்ள பரப்பு. முதல் 3 நொடியில் அச்சுக்கு மேலே ஒரு முக்கோணம், 9 மீட்டர். அடுத்த 2 நொடியில் அச்சுக்குக் கீழே ஒன்று, கழித்தல் குறியோடு 4 மீட்டர். 5 நொடியின் தொகை 5 மீட்டர், அதுதான் இடப்பெயர்ச்சி, அதாவது கிளம்பிய இடத்திலிருந்து பொருள் இப்போது எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது. பற்று வரவு பார்த்துத் தொகை போடுகிற அதே வேலை.

இதே விளக்கங்களில் இந்த 5 மீட்டரைக் ‘கடந்த தூரம்’ என்று எழுதுவதும் நடக்கிறது, அதுவும் தப்பு. தூரம் வேண்டுமென்றால் கழித்தல் குறியை நீக்கிவிட்டு திசை பார்க்காத வெறும் வேகத்தைத் தொகையிட வேண்டும், அப்போது வருவது 13 மீட்டர்.