உயிரியல் மானிடவியல்: சொல்லும் பொருளும்

மனித உடல் இன்றைய வடிவத்துக்கு எப்படி வந்து சேர்ந்தது? ஒரே மனிதச் சிற்றினத்துக்குள் ஆளுக்கு ஆள், ஊருக்கு ஊர் ஏன் இத்தனை மாறுபாடு? இந்த இரண்டு கேள்விகளையும் பிரிக்காமல் சேர்த்து ஆராயும் துறையை ஆங்கிலத்தில் பயலாஜிக்கல் ஆந்த்ரபாலஜி என்கிறார்கள். தமிழில் உயிரியல் மானிடவியல். புதைபடிவ எலும்பு, பல், மரபணு, குருதிப் புரதம், குரங்கினங்களின் நடத்தை, இன்று வாழும் மக்களின் வளர்ச்சியும் நோயும் எல்லாம் இதன் வேலைப் பொருள்கள்.

தென்னாப்பிரிக்கத் தமிழருக்கு இது தூரத்துத் துறை அல்ல. டர்பனிலிருந்து வடக்கே டோங்காட் வரை கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே தமிழர் குடியேறிய ஊர்கள் வரிசையாக இருக்கின்றன. அதே டோங்காட் ஆற்றின் மேலே, டர்பனிலிருந்து சுமார் 40 கி.மீ. தொலைவில் சிபுடு குகை இருக்கிறது. 77,000 ஆண்டுகளுக்கு முன் அங்கே தங்கியவர்கள் கோரைப்புல்லைப் பரப்பி, மேலே பூச்சி அண்டாத ஒரு மரத்தின் இலைகளைப் போட்டுப் படுத்திருக்கிறார்கள். தொல்லியலாளர் லின் வாட்லி குழுவினர் தோண்டி எடுத்த அந்தப் படுக்கை அடுக்குகள் 2011இல் வெளியுலகுக்குத் தெரிந்தன. 2024இல் யுனெஸ்கோ சிபுடுவை வேறு இரண்டு குகைத் தலங்களோடு சேர்த்து உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

சொல்லின் வேருக்கு வருவோம். கிரேக்கத்தில் ஆந்த்ரோபோஸ் என்றால் மனிதன். 'கண்டதை அண்ணாந்து எண்ணிப் பார்ப்பவன்' என்று அதற்குப் பிளேட்டோ ஒரு விளக்கம் சொன்னார். அழகான விளக்கம், ஆனால் மொழியியலார் ஏற்பதில்லை. லோகியா என்ற பின்னொட்டு நம்முடைய '-இயல்'. 1501இல் லைப்சிக் நகரில் மாக்னுஸ் ஹுண்ட் எழுதிய லத்தீன் நூலின் தலைப்பில் 'ஆந்த்ரோபோலோகியும்' என்ற வடிவம் வருகிறது. அன்று அதன் பொருள் மனித உடலும் உள்ளமும் பற்றிய பொது அறிவு. எலும்பை அளப்பதே துறை என்று ஆனது பிற்காலத்தில். 1775இல் ஜெர்மன் மருத்துவர் ப்ளூமென்பாக் மனித வகைகளைப் பிரிக்கத் தொடங்கினார்; மண்டையோடுகளையும் சேர்த்து ஆராய்ந்து, 1795ஆம் ஆண்டுப் பதிப்பில் ஐந்து வகைகளுக்குப் பெயரிட்டு முடித்தார். 19ஆம் நூற்றாண்டு முழுவதும் அளவுகோலும் இடுக்கிமானியும்தான் இத்துறையின் கருவிகள். அதற்கு ஏற்ற பெயர் பிசிக்கல் ஆந்த்ரபாலஜி.

1951இல் அமெரிக்க மானிடவியலாளர் ஷெர்வுட் வாஷ்பர்ன் 'புதிய பிசிக்கல் ஆந்த்ரபாலஜி' என்று ஒரு கொள்கையை முன்வைத்தார். அளந்து வகைப்படுத்துவதோடு நிற்காதீர்கள். மாறுபாடு எப்படி உண்டாகிறது, எது அதைத் தக்கவைக்கிறது என்று கேளுங்கள் என்பது அதன் சாரம். பெயர் மாறத்தான் நாளாயிற்று. அமெரிக்காவின் முதன்மைச் சங்கம் 'பிசிக்கல்' என்பதை விட்டு 'பயலாஜிக்கல்' என்று பெயர் மாற்றிக்கொண்டது 2021இல்தான்.

தமிழ்ப் பெயர்களிலும் இந்த இரண்டு காலமும் படிந்திருக்கின்றன. 'உடல் மானிடவியல்', 'உடல்சார் மானிடவியல்', இலங்கை வழக்கான 'பௌதிக மானிடவியல்' எல்லாம் பழைய பெயரின் பெயர்ப்புகள். பழைய நூலைப் பற்றிப் பேசும்போது இவை பொருந்தும். இன்றைய துறைக்கு உயிரியல் மானிடவியல் என்பதே சரி. 'இயற்பியல் மானிடவியல்' என்று சில இடங்களில் கண்ணில் படுகிறது. அது தானியங்கி மொழிபெயர்ப்பு பெற்ற பிள்ளை. இயற்பியலுக்கும் இதற்கும் உறவில்லை.

மானிடம் என்பது வடமொழி மானுஷ என்பதிலிருந்து வந்தது. விஷம் விடமானது போல, வேஷம் வேடமானது போல, மானுஷம் மானுடம் ஆயிற்று, பிறகு மானிடம். தனித்தமிழ் வேண்டுவோர் 'மாந்தவியல்' என்பார்கள். மாந்தர் குறளிலேயே உள்ள சொல், குறை சொல்ல ஒன்றுமில்லை. தொல்காப்பியம் 'மக்கள் தாமே ஆறறி வுயிரே' என்று மனிதனை மற்ற உயிர்களோடு ஒரே வரிசையில் வைத்து எண்ணியது. மரமும் நண்டும் விலங்கும் இருக்கும் பட்டியலில் மனிதனையும் சேர்த்துப் பார்ப்பது இத்துறையின் முதல் பாடம். ஆனாலும் 'மானிடவியல்' பல்கலைக்கழகத் துறைப் பெயர்களிலும் பாடநூல்களிலும் ஊன்றிவிட்டது. தமிழும் வடமொழியும் கலந்த தொடர் என்று அதைத் தள்ளத் தேவையில்லை. தென்னாப்பிரிக்காவில் கிடைத்த ஒரு புதைபடிவ முன்னோருக்கு உடற்கூற்றியலாளர் ரேமண்ட் டார்ட் 1925இல் ஆஸ்திரலோபிதெகஸ் என்று பெயர் வைத்தபோது, லத்தீன் 'தெற்கு'வையும் கிரேக்கக் 'குரங்கை'யும் ஒட்டிவிட்டார் என்று பண்டிதர்கள் முகம் சுளித்தார்கள். பெயர் நிலைத்துவிட்டது. பொருள் 'தென்திசை வாலில்லாக் குரங்கு' என்பதுதான். ஆஸ்திரேலியாவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. 

துறைப் பெயரைக் காட்டிலும் உள்ளே புழங்கும் சொற்களில்தான் சிக்கல் அதிகம். முதலில் 'இனம்'. ஸ்பீஷீஸ், ரேஸ், எத்னிக் குழு மூன்றுக்கும் தமிழில் இந்த ஒரே சொல்லைப் போடுகிறோம். 'மனித இனத்தின் பரிணாமம்' என்று எழுதினால் எது என்று படிப்பவர் ஊகிக்க வேண்டும். ஸ்பீஷீசுக்குச் சிற்றினம், அதற்கு மேல்நிலைக்குப் பேரினம் என்று எழுதுவதே நல்லது. ரேசுக்கு இனம் என்று எழுதலாம். ஆனால் அது சமூகமும் சட்டமும் உண்டாக்கிய வகுப்பு, உயிரியல் அலகு அல்ல என்பது தொடரிலேயே தெரிய வேண்டும்.

தென்னாப்பிரிக்காவில் இதற்குச் சான்று தேடி அலைய வேண்டாம். 1950இல் வந்த மக்கள்தொகைப் பதிவுச் சட்டம் தோற்றத்தையும், ஊரார் ஒருவரை யாராக ஏற்கிறார்கள் என்பதையும் வைத்து ஆட்களைப் பிரித்தது. 1991இல்தான் அது நீங்கியது. சந்தேகம் வந்தால் தலைமுடியில் பென்சிலைச் செருகிப் பார்ப்பார்கள். விழுந்தால் ஒரு வகுப்பு, நின்றால் வேறு வகுப்பு. முடியின் சுருளைப் பல மரபணுக்கள் சேர்ந்து தீர்மானிக்கின்றன. அவை தோல் நிறத்தோடோ குருதிப் பண்புகளோடோ கட்டுண்டு பயணிப்பதில்லை. ஒரு பண்பை வைத்துப் பிரித்த பெட்டி அடுத்த பண்புக்கு உதவாது என்பதே அந்தச் சோதனையின் அடிப்படைக் கோளாறு.

குருதிச் சிவப்பணுவை அரிவாள் போல வளைக்கும் அரிவாள் அணு மரபணுவை எடுத்துக்கொள்ளுங்கள். மத்திய, மேற்கு ஆப்பிரிக்காவில் பரவலாக உண்டு. 1952இல் நீலகிரிப் பழங்குடிகளிடமும் கண்டுபிடித்தார்கள். கிரீசின் சில பகுதிகளிலும் உண்டு. தென்னாப்பிரிக்காவின் சூலு, கோசா மக்களிடமோ மிக அரிது. காரணம் மலேரியா: பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் அந்த மரபணுவைப் பெற்றவருக்குக் கடும் மலேரியாவிலிருந்து ஓரளவு காப்பு கிடைக்கிறது, அதனால் நோய் மிகுந்த இடங்களில் அது தங்கிவிட்டது. 'கறுப்பர்', 'இந்தியர்' என்ற தலைப்புகளில் அட்டவணை போட்டால் இந்தப் பரவல் புரியவே புரியாது. மலேரியா வரைபடத்தோடு வைத்துப் பார்த்தால் புரியும். 1972இல் மரபியலாளர் ரிச்சர்ட் லூவன்டின் 17 மரபணுக்களை வைத்துக் கணக்கிட்டபோது, மனித மரபு மாறுபாட்டில் 85.4 விழுக்காடு ஒரே மக்கள் குழுவின் உள்ளேயே இருந்தது. 'இனங்கள்' என்று சொல்லப்பட்டவற்றுக்கு இடையே இருந்தது 6.3 விழுக்காடு.

இதனால்தான் இத்துறைக்கு 'இனவியல்' என்று பெயரிடுவதை இங்குள்ளவர்கள் கட்டாயம் தவிர்க்க வேண்டும். இனவியல் வேறு பாடம், மக்கள் குழுக்களின் பண்பாட்டை ஒப்பிடுவது. அதோடு ஆஃப்ரிக்கான்ஸ் பல்கலைக்கழகங்களில் வோல்க்கெகுண்டெ என்ற பெயரில் நடந்த இனவியல், நிறவெறி ஆட்சிக்கு அறிவுத்துணையாக நின்றது. அந்த நிழலை இந்தச் சொல்லில் ஏற்ற வேண்டாம். இத்துறையின் கையும் சுத்தமில்லை என்பது வேறு செய்தி: தென்னாப்பிரிக்கக் கோயிகோயி பெண் சாரா பார்ட்மனின் உடலை 1815க்குப் பின் பாரிசில் அறுத்து அளந்து காட்சிக்கு வைத்தவர்கள் இத்துறையின் முன்னோடிகளே. அவர் எச்சங்கள் 2002இல்தான் நாடு திரும்பி ஹாங்கி ஊரில் அடக்கமாயின.

அடுத்து 'பரிணாம வளர்ச்சி'. இதில் 'வளர்ச்சி' என்பது வேண்டாத வால். பரிணாமம் என்றால் தலைமுறை தலைமுறையாக ஒரு குழுவின் மரபுப் பண்புகள் மாறுவது. மேலே ஏறுவது அல்ல. ஜோகன்னஸ்பர்க் அருகே ரைசிங் ஸ்டார் குகையில் 2013இல் கிடைத்த, அற்றுப்போன மனிதச் சிற்றினமான ஹோமோ நலேடியின் மூளை 465 முதல் 610 கன செ.மீ. வரை, நம் மூளையின் பாதிகூட இல்லை. அதன் காலம் 3,35,000 முதல் 2,36,000 ஆண்டுகளுக்கு முன். அதே கண்டத்தில் அப்போது நம் சிற்றினமும் உருவாகிக்கொண்டிருந்தது. மூளை படிப்படியாகப் பெருத்து ஒரே கோட்டில் மனிதன் வந்தான் என்ற படத்தை நலேடி கலைத்துவிட்டது. ஆகவே 'பரிணாமம்' என்று நிறுத்திக்கொள்ளலாம். இலங்கைப் பாடநூல்களின் 'கூர்ப்பு' என்ற சொல்லும் நல்லதுதான், ஆனால் டர்பனில் சொன்னால் யாருக்கும் விளங்காது.

மூன்றாவது 'மாறுபாடு'. வேறுபாடு என்று எழுதினால் இரண்டு பொருள்களுக்கு இடையே உள்ள பேதம் என்று ஆகிவிடும். வேரியேஷன் என்பது ஒரே குழுவுக்குள் இருக்கும் விரிவு. இந்த விரிவை மறந்தவர்கள் எலும்பைப் படிப்பதில் தவறிவிடுவார்கள். தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்து அற்றுப்போன மனிதக் கிளையான பாராந்த்ரோபஸ் ரோபஸ்டஸ் புதைபடிவங்களில் பெரிது சிறிது என்று இருந்த பேதத்தை நெடுநாள் ஆண், பெண் பேதம் என்றே கணக்கிட்டார்கள். 2020இல் ட்ரிமோலன் குகையின் ஓர் ஆண் மண்டையோடு வெளிவந்தபோது, அதில் ஒரு பகுதியாவது காலத்தால் வந்த மாற்றமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

டார்ட் ஆஸ்திரலோபிதெகஸ் என்று பெயரிட்ட டவுங் குழந்தையின் வயது இன்னொரு நல்ல பாடம். 1924இல் சுண்ணாம்புச் சுரங்கத்தில் கிடைத்த அந்தச் சிறு மண்டையோட்டில் பால் பற்கள் முழுதாக இருந்தன, முதலாவது நிரந்தரக் கடைவாய்ப்பல் அப்போதுதான் முளைத்திருந்தது. நம் குழந்தைகளுக்கு அந்தப் பல் ஆறு வயதில் வரும். எனவே டவுங் குழந்தைக்கும் ஆறு என்று மதிப்பிட்டார்கள். 1980களில் பல் எனாமலில் படியும் வளர்ச்சிக் கோடுகளை எண்ணும் முறை வந்த பிறகு, இந்த முன்னோர்கள் வாலில்லாக் குரங்குகளைப் போல வேகமாக வளர்ந்தவர்கள் என்று தெரிந்தது. வயது மூன்று முதல் நான்குக்குள் இறங்கிற்று. பல்லைப் பார்த்தது சரி. ஒப்பிட எடுத்த அட்டவணைதான் தவறு.

இன்றைய எலும்புக்கும் இதே கதை. தொடை எலும்பின் நீளத்திலிருந்து உயரம் கணிக்க 1952இல் ட்ரொட்டரும் கிளேசரும் அமெரிக்க எலும்புகளை வைத்துத் தந்த சூத்திரங்கள் இன்றும் புழங்குகின்றன. எலும்பு 45 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளை ஆண்களுக்கான சூத்திரப்படி 45 x 2.38 + 61.41 = 168.5 செ.மீ. கறுப்பு ஆண்களுக்கான சூத்திரப்படி 45 x 2.11 + 70.35 = 165.3 செ.மீ. எலும்பு ஒன்று, விடை இரண்டு, அதற்கு மேல் 3 முதல் 4 செ.மீ. வரை இயல்பான பிசகு. உடலில் கால் எவ்வளவு பங்கு என்பது மக்கள் குழுவுக்கு ஏற்ப மாறுவதால் வரும் வினை இது. டர்பன் தமிழரின் எலும்புக்கு இந்த இரண்டில் எதைப் போட்டாலும் ஊகமே.

மரபணுச் சோதனை வாங்குபவர்களுக்கும் ஒரு வார்த்தை. குழாயில் எச்சில் துப்பி அனுப்பினால் 'தென்னிந்தியா' என்று விழுக்காடு வரும். அது உங்கள் மாதிரியை நிறுவனத்திடம் உள்ள ஒப்பீட்டு மாதிரிகளோடு பொருத்திய கணக்கு. மாதிரித் தொகுப்பு மாறினால் விழுக்காடும் மாறும். தாய்வழி மைட்டோகாண்ட்ரியக் குழு என்று வருவது அம்மாவின் அம்மாவின் அம்மா என்று போகும் ஒரே கோடு. 1860 நவம்பர் 16 அன்று, முதல் இந்திய ஒப்பந்தக் கூலிகளை டர்பனுக்குக் கொண்டுவந்த ட்ரூரோ கப்பலில் வந்தவர் உங்களுக்கு ஏழு தலைமுறை முந்தியவர் என்றால், அந்தத் தலைமுறையில் உங்களுக்கு 128 மூதாதையர். அந்தக் கோடு காட்டுவது ஒருவரை மட்டும். ஊரும் சாதியும் தெரிய வேண்டுமானால் எச்சிலை நம்பாதீர்கள், கப்பல் பட்டியலைப் பாருங்கள். ஒவ்வொரு ஒப்பந்தக் கூலிக்கும் பதிவில் தந்த கலோனியல் நம்பர் கிடைத்தால் அதில் தகப்பன் பெயர், ஜில்லா, தாலுகா, கிராமம், அங்க அடையாளம் வரை இருக்கும். இங்கே 'தமிழ்' என்று ஒருவர் சொன்னால் மொழி, சமயம், குடும்பவழி மூன்றையும் சேர்த்துச் சொல்கிறார். மூன்றில் மரபணு ஓரளவு தொடுவது கடைசியை மட்டுமே.

கிளைகளின் பெயர்கள் எளிது: தொல்மானிடவியல் புதைபடிவ மனிதரைப் பற்றியது, முதனியியல் குரங்குகளையும் வாலில்லாக் குரங்குகளையும் பற்றியது, மரபணு மானிடவியல் பெயரிலேயே விளங்கும். எலும்பை வைத்து இறந்தவரை அடையாளம் காணும் தடய மானிடவியல் மட்டும் ஒருநாள் கரும்புத் தோட்டத்தில் நேராக எதிர்ப்படக்கூடியது. உழும்போது மனித எலும்பு தென்பட்டால் வேலையை நிறுத்தி முதலில் போலீசுக்குச் சொல்ல வேண்டும். எடுக்கக்கூடாது, கழுவக்கூடாது, எலும்பு கிடக்கும் நிலையும் சுற்றியுள்ள மண்ணும் அடக்கமா, கொலையா, பழைய கல்லறையா என்று சொல்லும். உள்ளாட்சி இடுகாட்டுக்கு வெளியே உள்ள, 60 ஆண்டுக்கு மேற்பட்ட கல்லறை என்று தெரிந்தால் 1999ஆம் ஆண்டு தேசிய மரபுவளச் சட்டத்தின் 36ஆம் பிரிவு பொருந்தும். குவாசூலு-நட்டாலில் மாகாண மரபுவள அமைப்பான அமாஃபாவின் அனுமதி இல்லாமல் அதை நகர்த்த முடியாது. ஒப்பந்தக் கூலிகளின் பழைய புதைகுழிகளுக்கும் இதே விதிதான்.