ஐரோப்பாவில் உங்கள் விண்ணப்பத்தை ஏஐ நிராகரித்தால் என்ன கேட்கலாம்?

ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏஐ சட்டம் 2024 ஆகஸ்ட் 1 அன்று அமலுக்கு வந்தது. வந்த அன்றே முழுதாகச் செல்லுபடியாகவில்லை. தவணை தவணையாகத்தான் வருகிறது. அந்த 27 நாடுகளில் ஏதாவது ஒன்றில் நீங்கள் வசித்தால், வேலை, கடன், அரசு உதவி என்று எதற்கு விண்ணப்பித்தாலும் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. குடியுரிமை எந்த நாட்டினுடையது என்பது இங்கே பொருட்டல்ல.

ஏஐ எதற்குப் பயன்படுகிறது என்பதைத்தான் இந்தச் சட்டம் முதலில் பார்க்கிறது. குப்பை மின்னஞ்சலை வடிகட்டும் மென்பொருளுக்குப் புதிதாக எந்தக் கெடுபிடியும் இல்லை. அதே மாதிரியான மென்பொருள் வேலைக்கு வந்த விண்ணப்பங்களை வடிகட்டினால், ‘அதிக ஆபத்து’ வகைக்குள் வந்துவிடும். சிலவற்றுக்கு 2025 பிப்ரவரி 2 முதல் அடியோடு தடை. வேலையிடத்திலும் பள்ளி, கல்லூரிகளிலும் முகத்தையோ குரலையோ வைத்து மனநிலையைக் கணிக்கக்கூடாது. மருத்துவம், பாதுகாப்புக் காரணங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. இணையத்திலிருந்து முகப்படங்களை வகைதொகையின்றி அள்ளி முகத்தை வைத்து ஆளை அடையாளம் காணும் தரவுத்தொகுப்பு உருவாக்குவதும் கூடாது.

வேலைக்கு ஆள் எடுப்பது, கல்லூரிச் சேர்க்கை, கடன் மதிப்பெண் (கடனை ஒழுங்காகத் திருப்பிக் கட்டுவாரா என்ற கணிப்பு), ஆயுள் காப்பீடு, மருத்துவக் காப்பீடு, அரசு உதவித்தொகை, புகலிட விண்ணப்பம் எல்லாம் ‘அதிக ஆபத்து’ப் பட்டியலில் இருக்கின்றன. (நிதி மோசடியைக் கண்டுபிடிக்கும் மென்பொருளைக் கடன் மதிப்பெண் பிரிவிலிருந்து விலக்கிவிட்டார்கள்.) இவற்றில் ஏஐ பயன்படுகிறது என்பதைச் சம்பந்தப்பட்டவரிடம் சொல்ல வேண்டும். முடிவை மாற்றும் அதிகாரமுள்ள ஒரு மனிதர் மேற்பார்வையில் இருக்க வேண்டும். அந்த முடிவு உங்களைப் பெரிதாகப் பாதித்தால், அதில் ஏஐயின் பங்கு என்ன என்று விளக்கம் கேட்கலாம்.

உதவித்தொகையை ஏன் பட்டியலில் சேர்த்தார்கள் என்று கேட்பவர்கள் நெதர்லாந்தில் நடந்ததைப் பார்த்தால் போதும். அங்கே குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகை விண்ணப்பங்களுக்கு வரித்துறையின் கணினி ஆபத்து மதிப்பெண் போட்டது. டச்சுக் குடியுரிமை இல்லாதவர்களுக்கு அந்த ஒரு காரணத்தாலேயே மதிப்பெண் ஏறியது. மதிப்பெண் ஏறிய கோப்பு அதிகாரியின் மேசைக்குப் போகும். ஏன் ஏறியது என்பது அவருக்கே தெரியாது. ஏமாற்றுக்காரர்கள் என்று தவறாக முத்திரை குத்தப்பட்ட பல்லாயிரம் பெற்றோர்களில் பலர் வாங்கிய பணத்தை மொத்தமாகத் திருப்பிக் கட்ட வேண்டியதாயிற்று. 2021 ஜனவரியில் இதற்காக அரசாங்கமே பதவி விலகியது. கோப்பைப் பார்க்க மனிதர் இருந்தும் இது நடந்தது என்பதைக் கவனியுங்கள். ஆள் இருந்தால் மட்டும் போதாது, அவருக்குக் காரணம் தெரிந்திருக்கவும் வேண்டும்.

சரி, இந்த உரிமையெல்லாம் கையில் கிடைப்பது எப்போது? அதிக ஆபத்து விதிகள் 2026 ஆகஸ்ட் 2 முதல் என்றுதான் சட்டத்தில் முதலில் எழுதினார்கள். அதைத் தள்ளிப்போட வேண்டும் என்று ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையமே 2025 நவம்பரில் முன்மொழிந்தது. அதனால் இதை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். 2018 முதல் நடப்பில் இருக்கும் ஜிடிபிஆர் என்ற தரவுப் பாதுகாப்புச் சட்டம்தான் இன்றைக்குக் கைகொடுக்கும் என்பது என் கருத்து.

அதன் 22ஆம் பிரிவின்படி, உங்களைப் பெரிதாகப் பாதிக்கும் முடிவை இயந்திரம் மட்டுமே எடுக்கக்கூடாது. ஒப்பந்தத்துக்காகவோ உங்கள் சம்மதத்தின் பேரிலோ அப்படி எடுக்க விதிவிலக்கு உண்டு. அப்போதும் ஒரு மனிதர் மறுபடி பார்க்க வேண்டும் என்று கேட்கும் உரிமை போகாது. “கடைசி முடிவு எங்கள் ஊழியருடையது” என்று சொல்லி நிறுவனங்கள் நழுவுவது பழைய வழக்கம். ஜெர்மனியில் கடன் மறுக்கப்பட்ட ஒருவர், மதிப்பெண் போட்ட ஷூஃபா நிறுவனம் தொடர்பாகத் தொடுத்த வழக்கு ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் வரை போனது. வங்கி அந்த மதிப்பெண்ணையே பெரிதும் நம்பி முடிவெடுத்தால், மதிப்பெண் போடுவதே தானியங்கி முடிவுதான் என்று 2023 டிசம்பர் 7 அன்று தீர்ப்பு வந்தது. நழுவும் வழி அதோடு நன்றாகக் குறுகிவிட்டது.

ஏஐ சட்டத்தில் அபராதம் பெரியது. தடை செய்ததைச் செய்தால் அதிகபட்சமாக 3.5 கோடி யூரோ, அல்லது உலகளாவிய ஆண்டு விற்றுமுதலில் 7 சதவீதம், இதில் எது அதிகமோ அது. சிறு நிறுவனங்களுக்கு எது குறைவோ அது. அந்தப் பணம் உங்கள் கைக்கு வராது. ஜிடிபிஆரை மீறியதால் நட்டம் ஏற்பட்டிருந்தால் நீதிமன்றத்தில் இழப்பீடு கேட்கலாம்.

நிராகரிப்பு வந்ததும் அந்த நிறுவனத்துக்கு எழுத்தில் கேளுங்கள்: முடிவை எடுத்தது தானியங்கி முறையா, எந்த விவரங்களை வைத்து எடுத்தது, மனிதர் ஒருவர் மறுபடி பார்ப்பாரா? மின்னஞ்சலே போதும், வக்கீல் தேவையில்லை, கட்டணமும் இல்லை. ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். சிக்கலான விஷயம் என்றால் இன்னும் இரண்டு மாதம் நீட்டிக்கலாம், ஆனால் நீட்டிப்பதையும் அந்த முதல் மாதத்திலேயே சொல்லியாக வேண்டும். பதிலே வராவிட்டாலோ மழுப்பலாக வந்தாலோ, அனுப்பிய மின்னஞ்சலின் நகலோடு அந்த நாட்டின் தரவுப் பாதுகாப்பு ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். அதற்கும் கட்டணம் கிடையாது.